நாலாயிரம் படமும் ஒரு புழுவும்

திருப்பதியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப் எடுத்த படங்களைத் திறந்து காட்டுவது என் வேலை. திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்களே, நீங்களும் நம்ம கட்சிதான்.

மெமரி பத்தல

ராமகுப்பத்துப் பெண் ஸ்வாதி பட்டுப்புழு ஆராய்ச்சி செய்கிறாள். ஒரே ஒரு நோயாளிப் புழு. அதன் குடலை மெல்லிசாகச் சீவி எடுத்த நாலாயிரம் படங்கள், ஒரே கோப்பில். நோய் குடலில் எங்கே ஆரம்பித்தது என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் காட்டியாக வேண்டும். திறந்தேன். அத்தனையையும் ஒரே மூச்சில் தாங்க மெமரி பத்தாமல் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது.

நகரிக்குப் போய் வீட்டில் அப்பாவிடம் புலம்பினேன். நைனா சாவகாசமாகக் கேட்டார்: "மெமரி பத்தலன்னா, கடைல ஒரு கார்டு வாங்கி சொருகிக்கினு போயேன்டா!"

ஸ்டாண்டும் தட்டும்

செல்போன் கார்டை நினைத்து நைனா சொன்னதை மறுநாள் ஸ்வாதியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வீட்டில் ஸ்டாண்டில் தட்டுத் தட்டாக அடுக்கிப் புழு வளர்க்கிறார்கள். "ஒரு தட்டுப் புழுவப் பாக்கறதுக்கு ஸ்டாண்டயே தூக்கினு வருவாங்களாண்ணா?"

அட, அதானே! கோப்பு டிஸ்கிலேயே கிடக்கட்டும், கேட்ட படம் மட்டும் வரட்டும் என்று நாலு வரி நிரல் எழுதினேன். கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவசரத்தில் பத்துக்கு ஒரு படமாக ஓட்டினேன். நோயின் சுவடே இல்லை.

"தாண்டித் தாண்டிப் பாத்தா, தாண்டின தட்டுலதான்ணா சீக்கு இருக்கும்!"

ரெண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ரெண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழாவது படத்தில் மங்கலாக ஒரு புள்ளி. நன்றாகத் தெரியட்டுமே என்று வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினேன். நோய் ஆரம்பித்த இடம் அதேதான்! இருவரும் கத்திவிட்டோம்.

கோப்பை மூடித் திறந்தால், கூட்டிய வெளிச்சம் அப்படியே நிற்கிறது. எழுதவும் அனுமதித்துக் கோப்பைத் திறந்திருக்கிறேன். நான் செய்தது நேராக மூலத்திலேயே பதிந்துவிட்டது. வேறு பிரதி கிடையாது. அவளுடைய சான்றே அதுதான்.

மறைக்காமல் சொன்னேன். முகம் வெளுத்துப் போனாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எத்தன மடங்கு?" இரண்டு. படத்தில் வெளிச்சத்தைக் குறிக்கும் எந்த எண்ணும் உச்சவரம்பை முட்டி வெட்டுப்படவில்லை. பாதியாக்கினோம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணை முதல் நாளே அவள் நோட்டில் குறித்திருந்தாள்; அதோடு ஒப்பிட்டோம். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்ததை அவள் நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊட்ல தட்டத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவுவோம்ணா. நீ கழுவாமயே கைய உட்டுட்ட."

அன்றிலிருந்து 'படிக்க மட்டும்' என்று போட்டுத்தான் எந்தக் கோப்பையும் திறக்கிறேன்; எங்கள் கூடத்தில் அதற்குப் பெயர் 'கை கழுவறது', வெளியாள் கேட்டால் வேலையையே கைகழுவிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்.