ஷாந்தினியின் படம் போன வழி

முதல் நாள் வேலைக்குப் புறப்பட்ட ஷாந்தினியை வாசல் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, அவள் அம்மா கமலவேணி படம் எடுத்தாள். எதிர்வீட்டு ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தைத்துக் கொடுத்த நீலச் சுடிதாரைத்தான் அவள் போட்டிருந்தாள். கழுத்தில் பல்கலைக்கழகத்தின் அட்டை தொங்கியது.

"நல்லா சிரிடி. பேங்க் கொள்ளையடிக்கப் போறவ மாதிரி நிக்கிற."

"பஸ் போயிடும்மா. எடுத்தது போதும் லா."

வெயில் கண்ணில் விழுந்ததால் படத்தில் அவள் இமைகள் பாதி மூடியிருந்தன. தூக்கத்தில் நடக்கிறவள் போல இருந்தாள். அந்தப் படம் அவளை விட்டுத் தனியாகப் புறப்பட்டு எங்கெங்கோ சுற்றப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நாங்கள் இருப்பது டுரியான் துங்காலில், நீர்த்தேக்கத்துக்குப் போகும் சாலையின் பக்கமாக. கமலவேணி முன்பு செம்பனைத் தோட்டத்தில் இருந்தவள். ஷாந்தினி பிறந்ததும் அங்கேதான். பிள்ளை ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டார்கள். கமலவேணி அலோர் காஜாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள்.

ஷாந்தினி சின்ன வயதிலிருந்தே எதையும் படித்துப் பார்க்காமல் அமுக்க மாட்டாள். ஒருமுறை அம்மாவின் போனில் எதையோ ஏற்றிக் கொடுக்க உட்கார்ந்தவள், 'சம்மதம்' என்ற பொத்தானுக்கு மேலே இருந்த நீண்ட எழுத்துகளை முழுக்கப் படிக்கத் தொடங்கினாள். கமலவேணி சமைத்து, துவைத்து, குளித்துவிட்டு வந்தாள். மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் கண்ண மூடிட்டு அமுக்குறாங்க, உனக்கு மட்டும் என்னடி?" என்று கத்தினாள். "எல்லாரும் கண்ண மூடிக்கிறாங்களேன்னுதான்மா படிக்கிறேன்" என்றாள் இவள்.

அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. வாரத்தில் பாதி நாள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் பயிற்சி. மீதி நாள் தெங்கேராவில் ஒரு கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள். பயிற்சி எதில் என்று கேட்டதற்கு, தொழில்நுட்பம், இணையப் பாதுகாப்பு, அதற்கான கொள்கை என்று அவள் சொன்னபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் தமிழ்ப்பள்ளியோடு நின்றவள். பிறகு அவளே எளிதாகச் சொன்னாள்.

"போன்ல ஆளுங்கள ஏமாத்துறாங்கல்ல அக்கா, அதத் தடுக்க சட்டம் போடுறவங்களுக்கு, ஜனங்க போன எப்படிப் புழங்குறாங்கன்னு பார்த்து எழுதிக் குடுக்கணும். தோட்டத்துப் பொம்பளைங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நான் கேக்கப் போறேன்."

அவளுடைய பயிற்சி நீடிப்பதே இதில்தான் இருந்தது. பிரிவின் தலைவி டாக்டர் ரொஹானா, தோட்டத்துப் பெண்களோடு பேசி வந்தால் வேலையைத் தொடரலாம், இல்லாவிட்டால் இந்தத் தவணையோடு முடியும் என்று அன்பாகவே சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் துணைக்கு அழைத்தாள். "நீங்க பேசவே வேணாம் அக்கா. காடியில சும்மா உட்கார்ந்திருங்க, எனக்குத் தைரியமா இருக்கும்." பேச வேண்டாம் என்றதால் சம்மதித்தேன். அம்மாவின் பழைய காரை அவள் மெதுவாக ஓட்டினாள். முந்தின இரவு மழை. செம்பனை வரிசைகள் இரண்டு பக்கமும் விரிந்து மூடி, விரிந்து மூடிப் பின்னால் போயின. இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. காட்டுக்குள் யாரோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டு கூடவே வருவது போலிருந்தது.

தோட்டத்தில் ஒரு கேட்டும் திறக்கவில்லை. சின்ன வயதில் அவளுக்குச் சோறு ஊட்டிய ஜெயமணி வீட்டில் ஜன்னல் திரை மட்டும் அசைந்தது.

"அத்தை, நான் ஷாந்தினி."

"ஜெயமணி வீட்டுல இல்ல" என்றது ஜெயமணியின் குரல்.

அடுத்த வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பிறகு கோயில் கமிட்டி வீராசாமி மோட்டார் சைக்கிளில் வந்து காரை மறித்து நின்றார். போனை நீட்டினார். நீலச் சுடிதார், பாதி மூடிய கண்கள். அதற்குக் கீழே: 'இந்தப் பெண் வந்தால் கதவைத் திறக்காதீர்கள். பேங்க் விவரம் கேட்டு ஏமாற்றுகிறாள். எல்லாருக்கும் அனுப்புங்கள்.'

"மாமா, என்னத் தெரியலயா? கமலவேணி மக."

வீராசாமி அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "தெரியுதும்மா. ஆனா போன்ல வந்திருக்கே."

திரும்பும்போது நீர்த்தேக்கத்தின் ஓரம் காரை நிறுத்தினாள். தண்ணீர் அசையாமல் வானத்தை வைத்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. அந்தப் படம் தலைக்கு மேலே காற்றில், அலோர் காஜாவுக்கும் அதற்கப்பாலும் பறந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. இங்கே இருப்பவள் உண்மையா, அங்கே போகிறவள் உண்மையா என்று ஒரு கணம் எனக்கே குழப்பமாகிவிட்டது.

"பிறந்த இடத்துலயே திருடி ஆயிட்டேன் அக்கா" என்றாள். சாவியைத் திருப்பிக்கொண்டே, "வேலை போனா போகட்டும். இது எங்க இருந்து கிளம்புச்சுன்னு தெரியணும்" என்றாள்.

மறுவாரம் கழுத்து அட்டையில்லாமல் போனாள், நானும் கூடப் போனேன். போன், பேங்க், ஏமாற்று என்று எதையும் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அத்தை, என் படத்த உங்களுக்கு யாரு அனுப்புனா?"

இந்தக் கேள்விக்கு யாருக்கும் பயம் வரவில்லை. அடுத்தவரைச் சொல்வதுதானே!

"நானா அனுப்புனேன்? மலர்க்கொடி அனுப்புனா. நான் என் தங்கச்சிக்கு மட்டுந்தான் தள்ளிவிட்டேன்."

"ஐயோ, நான் சும்மா அனுப்புனது. இந்த ஜெயமணிதான் மொதல்ல."

"ஏய் மலர், வாய் இருக்குன்னு பேசாத! கோயில் குரூப்புல இருந்தது, எடுத்தேன்."

திரைக்குப் பின்னால் இருந்த குரல்கள் வேலிக்கு வந்தன, வேலியிலிருந்து கேட்டுக்கு வந்தன. ஒருத்தியை ஒருத்தி மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே எல்லாரும் வீராசாமி வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் தன் போனில் கோயில் குரூப்பின் செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார்.

முதலில் இருந்தது கமலவேணி அனுப்பிய படம். அதன் கீழே அவளுடைய குரல் பதிவு. அதற்கும் கீழே, வேறு யாரோ எங்கிருந்தோ தள்ளிவிட்ட எச்சரிக்கை: 'ஒரு பெண் வீடு வீடாக வந்து பேங்க் விவரம் கேட்கிறாள்.' அதற்குக் கமலவேணியே கும்பிடும் கைகளைப் போட்டிருந்தாள். படத்தையும் எச்சரிக்கையையும் சேர்த்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போகிற வழியில் 'ஒரு பெண்' 'இந்தப் பெண்' ஆகிவிட்டது. நடுவில் இருந்த குரலை யாரும் எடுக்கவில்லை.

எங்கள் பெண்களுக்கு எழுதுவது சிரமம். படத்தை முதலில் போடுவோம், சொல்ல வேண்டியதைப் பின்னால் பேசி அனுப்புவோம். படம் போகும், பேச்சு நின்றுவிடும்.

"ஏன் யாரும் அம்மா பேசுனதக் கேக்கல?" என்றாள் ஷாந்தினி.

"உங்கம்மா வாய்ஸ் போட்டா யாரும்மா கேப்பா? பஸ்ஸே வந்து போயிடும்" என்றாள் மலர்க்கொடி.

வீராசாமி அதைத் தட்டினார். தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவில் கமலவேணியின் குரல் வந்தது. முதலில் யார் யார் வீட்டில் என்ன நலம் என்று நீளமாகக் கேட்டது. பிறகு: "எம்மவளுக்கு யூனிவர்சிட்டியில வேலை கெடச்சிருக்கு. நம்ம தோட்டத்துக்குத்தான் வரப்போறா. ஏதாச்சும் கேட்டா சொல்லுங்க. பசிச்சாலும் வாயத் தொறந்து கேக்க மாட்டா, கூச்சக்காரி. சோறு போட்டு அனுப்புங்க."

செம்பனை மேல் ஒரு காற்று போனது. ஜெயமணி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சாப்டியாடி?" என்று அதட்டினாள். பதிலுக்குக் காத்திராமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். என்னையும்தான்.

அன்று சாம்பாரும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். எந்த அழைப்பில் ஏமாந்தோம், எதை வீட்டுக்காரரிடம் மறைத்தோம், எதைப் பார்த்தால் பயம். சம்மதம் கேட்டுவிட்டுத்தான் ஷாந்தினி பதிவு செய்தாள். அதற்குப் பிறகும் பல சனிக்கிழமைகள் போனோம். படமும் குரலும் தனித்தனியாகப் போவதைப் பற்றி அவள் எழுதியதைப் படித்த டாக்டர் ரொஹானா, அடுத்த தவணையும் இருக்கச் சொல்லிவிட்டார்.

நடந்ததைக் கேட்ட அன்று கமலவேணி போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். "நாந்தான் உன் பேரக் கெடுத்தேனா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உன் படத்தாலதான் வேலை போகப் பார்த்துச்சு, உன் குரலாலதான் திரும்பி வந்துச்சு."

"அறிக்கையில எம் பேரு வருமா?"

"வராதும்மா. யார் பேரும் போட மாட்டோம். 'ஓர் அம்மா'ன்னுதான் இருக்கும்."

"ஏன், போட்டா என்னவாம்?" என்று கமலவேணிக்குக் கோபம் வந்துவிட்டது.

அனுப்பிய படத்தைத் திரும்ப அழைக்க முடியாது என்று ஷாந்தினி சொன்னாள். அது இன்னும் சுற்றுகிறது. போன வாரம் எனக்கே வந்தது, அலோர் காஜாவில் இருக்கும், என்னிடம் துணி தைக்கக் கொடுக்கிற ஒருத்தியிடமிருந்து. நீலச் சுடிதார், பாதி மூடிய கண்கள், கீழே அதே எச்சரிக்கை. ஆனால் இந்த முறை அதன் பின்னாலேயே ஒரு குரலும் வந்திருந்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தேன். சேவல் கூவுகிறது, பாத்திரம் உருளுகிறது, ஜெயமணி கத்துகிறாள்:

"இது நம்ம கமலவேணி மவ. கதவத் தொறங்க. சோறு போடுங்க."

எதிரே ஷாந்தினி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் சாலை திரும்பி மறைந்த பிறகும் நான் போனைக் கீழே வைக்கவில்லை. எந்தெந்த ஊரிலோ செம்பனைகளுக்கு மேலே அந்தப் படம் போகிறது, அதைத் துரத்திக்கொண்டு இந்தக் குரலும் போகிறது.