அகத்தியில் ஏறிய மரங்கொத்தி

நண்பர்களே, காவிரித் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்கிறேன். இப்போது சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள்.

டொக்... டொக்... டொக்...

வெள்ளைக்காரன் காலம். பரமத்தி வேலூரில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஒரு மரங்கொத்தி வரும். அது கொத்தினால் நாமக்கல் மலையில் பாறை உதிரும். தேர் அளவுப் பறவை. முதுகு பத்தரைமாற்றுத் தங்கம், தலையில் ரத்தச் சிவப்பில் கொண்டை, கண்ணோரம் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு. வாலை மூன்றாவது காலாக ஊன்றி, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும். தட்டிப் பார்த்துக் காது கொடுக்கும். பிறகு கொத்தும். நாக்கை நீட்டினால் அது கரூர் போய்த் திரும்பும்...

எனக்கும் பாவாயிக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம். குத்தகைக்கு எடுத்த முதல் கொடிக்கால். வெற்றிலைக் கொடி தானாக நிற்காது. அகத்தியை வரிசையாய் வளர்த்து அதன்மேல் ஏற்றிக் கட்டுவோம். அகத்தி சாய்ந்தால் கொடி சாயும். கொடி சாய்ந்தால் நாங்கள் மறுபடி அடுத்தவர் தோட்டத்தில் கூலி.

"ஏனுங்க, அந்தக் குருவி மரத்தையெல்லாம் சல்லடையாக்குதுங்க," என்றாள் பாவாயி.

"இன்னைக்கே அதுக்குக் கருமாதி புள்ள. பாத்துட்டே இரு."

கவண்கல் விட்டேன். கல் சேலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அதன் மார்பில் பட்டது. விழுந்த பிறகு பார்த்தால் தேரைக் காணோம். ஒரு முழம்கூடத் தேறாத பறவை.

பாவாயி ஓடிவந்து கொண்டையைத் தடவினாள். "அடிச்சே போட்டீங்களா... வெரட்டுனாப் போதாதுங்களா?"

"வெரட்டுனா மறுக்கா வரும்."

வரவில்லை. கொடிக்காலில் சத்தமே இல்லை.

ஆடிக்காற்று வந்தது. மேட்டூர் அணையை நாலடி நகர்த்திய காற்று... எங்கள் அகத்திகள் ஒவ்வொன்றாய் நடுவில் முறிந்தன. முறிந்த இடமெல்லாம் பொந்து. பொந்தெல்லாம் தண்டைக் குடைந்து தின்ற வெள்ளைப் புழு. கொடி மண்ணில் கிடந்து அழுகியது.

"குருவி சாபமுங்க," என்றாள் பாவாயி. நான் தலையாட்டினேன். மறுவாரம் இருவரும் கூலிக்குப் போனோம்.

இப்போது அங்கே வாழை. மருந்தடிக்கும் மெஷின் சத்தம் கேட்கிறது. கொத்தும் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷம். சாபம் என்றே நம்பிக்கொண்டு பாவாயியும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தேர், நாக்கு, அணை... எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை.

அந்தப் பறவையை நான் முதலில் கையில் எடுத்தபோது, அதன் அலகில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்துகொண்டிருந்தது. பாவாயி வருவதற்குள் அதை மிதித்துத் தேய்த்துவிட்டேன்.