மோட்டார் குடித்த விளக்கெண்ணெய்

நெய்வேலியில் அந்த நாளில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேச்சு புரியாவிட்டாலும், அடுத்தவன் வேலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் ஒருவன்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் சிங்காரவேலு மோட்டார் மெக்கானிக் ஆனான்.

கம்மாபுரம் பக்கம் இருந்த அவனுடைய நிலத்தைச் சுரங்கம் எடுத்துக்கொண்டதும், அதற்குப் பதிலாகச் சுரங்கம் அவனையும் எடுத்துக்கொண்டது. ஊறும் தண்ணீரை இரவும் பகலும் இறைக்கும் பம்ப் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. முழங்கால் அளவு சேறு. விரலிடுக்கெல்லாம் புண். அவனுடைய அக்கா பெரியநாயகி தினமும் அந்தக் காலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசியே அம்மியைத் தேய்த்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தீப்பெட்டியில் குச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

பிறகு மோட்டார் ஷெட் ஃபோர்மேன் வைத்திலிங்கம் பெரிய மனசு பண்ணினார். அவருடைய பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளைச் சம்பளமில்லாமல் பிரித்துப் பூட்டிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்ததால், சிங்காரவேலுவின் திறமை அவர் கண்ணில் பட்டது. அவனை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டார். பெர்மனென்ட் இல்லை. ஆனால் சேறும் இல்லை.

குடியரசு தினத்துக்கு, வீடு கட்டாத பிளாக்குகளைச் சுற்றிப் போட்டிருந்த புதுத் தார் ரோட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று அறிவித்தார்கள். பவர் ஹவுஸ்காரர்களை ஒரு கை பார்க்க ஃபோர்மேனுக்கு ஆசை. அவருடைய வயிறு பெட்ரோல் டேங்க்குக்கு மேலே ஒரு டேங்க்காக உட்கார்ந்துவிடும் என்பதால், ஓட்டுவது சிங்காரவேலு என்று முடிவாயிற்று. அவன் இன்ஜினைப் பிரித்து, பிஸ்டனை மாற்றி, அழுத்தத்தைக் கூட்டி, கன்றுக்குட்டியைக் காளையாக்கி நிறுத்தினான்.

"இன்ஜின் மட்டும் ஜாம் ஆச்சுன்னு வச்சிக்க, மறுநாளே நீ பழையபடி பம்ப் பக்கம் போயிக்கினே இருக்கணும்" என்று ஃபோர்மேன் அன்போடு சொல்லிவைத்தார்.

இன்ஜினுக்கு என்ன எண்ணெய் ஊற்றுவது என்ற பேச்சு வந்ததும் ஊரில் அறிஞர்கள் பெருகிவிட்டார்கள். பவர் ஹவுஸில் வேலை பார்த்த ஒருவர், டிரான்ஸ்பார்மர் எண்ணெய்தான் பளிங்கு மாதிரி இருக்கும் என்றார். மெஸ் சமையல்காரர் நல்லெண்ணெய்க்கு ஓட்டுப் போட்டார். "சனிக்கிழமை தேய்ச்சா நமக்கே சூடு தணியுதே, இரும்புக்குத் தணியாதா?" ஃபோர்மேன் கடைசித் தீர்ப்புச் சொன்னார். "மைன்ஸ்ல மலையையே வெட்டுது ஜெர்மன் மெஷினு. அதுக்கு ஊத்துற எண்ணெய் இந்தக் கழுதைக்குப் போதாதா?"

சிங்காரவேலு மெதுவாக, "விளக்கெண்ணெய் சார்" என்றான்.

ஷெட்டே சிரித்தது. "ஏண்டா, வண்டிக்கு மலச்சிக்கலா?" என்றான் ஒருவன். "நீ ஊத்திக்கவே வேணாம்டா, நீயே ஒரு வெளக்கெண்ணெ" என்றான் இன்னொருவன். ஃபோர்மேனும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "என்னத்தையோ ஊத்தித் தொலை. ஜாம் ஆவக்கூடாது, அவ்ளோதான்" என்றார்.

ஏன் என்று கேட்டவள் பெரியநாயகி மட்டும்தான்.

"சோழவரம் மோட்டார் பந்தயத்துல மூக்கால மோந்து பார்த்தேங்கா. அந்த வாசனைதான். சாதா எண்ணெய் சூடு ஏற ஏறத் தண்ணியாப் பூடும். மெஷினு எண்ணெய் ரொம்பக் கெட்டி, இந்த வேகத்துக்கு மேல ஏறி வர்றதுக்குள்ள எல்லாம் தேஞ்சிடும். வெளக்கெண்ணெ இரும்பைப் புடிச்சிக்கினு விடாது, பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி."

"அப்போ எல்லா வண்டிக்கும் அதையே ஊத்த வேண்டியதுதானே?"

"ஓட்டி முடிச்ச சூட்டோட இறக்கிடணும்கா. வுட்டா பிசினாப் பூடும். வேற எண்ணெயோட சேரவும் சேராது."

சொந்தக்காரர்களும் அப்படித்தான் என்று பெரியநாயகி நினைத்துக்கொண்டாள்.

பந்தயத்தன்று காலையில் அவள் கூழ் கொண்டுபோனபோது, சிங்காரவேலு விளக்கெண்ணெய் ஊற்றி நிறுத்தியிருந்த வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஃபோர்மேன் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு டின் காலியாகக் கிடந்தது.

"எண்ணெய் கொறச்சலா கெடந்துதுடா சிங்காரம். சாமிக்கு முன்னாடி வெளக்குல எண்ணெய் கொறைஞ்சிருந்தா நல்லாவா இருக்கும்? மெஷினு எண்ணெய என் கையாலயே ரொப்பிட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு புண்ணியக் களை. பக்திமானாயிற்றே, ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் உறுமவிட்டும் பார்த்திருந்தார்.

சிங்காரவேலு எண்ணெய் டேங்க்கில் ஒரு குச்சியை விட்டு எடுத்தான். திரிந்த பால் மாதிரி கட்டியும் தண்ணீருமாக ஒட்டிக்கொண்டு வந்தது. நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று ஃபோர்மேனிடம் சொன்னால் இன்றைக்கே பம்ப். சொல்லாமல் ஓட்டினால் இன்ஜின் ஜாம், நாளைக்குப் பம்ப்.

"சார், பிரேக்கு கொஞ்சம் பிடிக்குது. பின்னாடி கொண்டுபோய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றான்.

ஷெட்டுக்குப் பின்னால் எல்லாவற்றையும் இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கழுவினான். விடுமுறை நாள், கடை எதுவும் திறக்கவில்லை. "அக்கா, வெளக்கெண்ணெ வேணும்" என்றான். அவ்வளவுதான். பெரியநாயகி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வீடுகள் இருந்த பிளாக்குக்குள் நுழைந்தாள். குழந்தை இருக்கும் வீட்டில் அரிசி இல்லாமல் போகலாம், விளக்கெண்ணெய் இல்லாமல் போகாது.

"யாருக்குக்கா?" என்றாள் முதல் வீட்டு வீராயி.

"தம்பிக்கு."

"ஒரு கரண்டி போதுமில்ல?"

"பாட்டிலோட குடு."

"ஐயையோ! எத்தினி நாளாக்கா போவாம இருக்குது?"

"பொறந்ததுலேருந்து" என்று சொல்லிவிட்டுப் பெரியநாயகி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கிடைத்ததையெல்லாம் அப்படியே கொட்டுகிறவளா அவள்? மருந்துக் கடை பாட்டில்களை ஒரு பக்கம் வைத்தாள். வீட்டில் ஆமணக்கு இடித்துக் காய்ச்சியதை மறுபக்கம் வைத்தாள். காய்ச்சிய எண்ணெயில் தண்ணீர் நின்றிருக்கும். அதை அடுப்பிலேற்றி, சடசடப்பு அடங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆறவிட்டு, துவைத்த வேட்டியில் வடிகட்டி, ஒரு தூசி இல்லாமல் எடுத்துக்கொண்டு ஓடினாள். சிங்காரவேலு அதை ஊற்றி மூடியைத் திருகவும், ஃபோர்மேன் கூப்பிடவும் சரியாக இருந்தது.

பந்தயம் தொடங்கியதும் அந்த ரோடு முழுக்க ஒரு வாசனை கிளம்பியது. வேடிக்கை பார்க்க முண்டியடித்த குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாக்களின் முந்தானைக்குள் புகுந்துகொண்டன. பவர் ஹவுஸ் வண்டி ஆரம்பத்திலிருந்தே முன்னால் போனது. அதற்குள் எந்த அறிஞருடைய எண்ணெயை ஊற்றியிருந்தார்களோ, கடைசிச் சுற்றில் வெள்ளையாகப் புகைந்து, கிறீச்சென்று கத்தி, நடுரோட்டில் நின்றுவிட்டது. அதைத் தாண்டி வந்த சிங்காரவேலுவின் இன்ஜின் கடைசி வரை குரல் கம்மாமல் பாடியது. பெரியநாயகி கை தட்டவில்லை. கூடையை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள்.

வெற்றி மாலை ஃபோர்மேன் கழுத்தில் விழுந்தது. வண்டி அவருடையது, நியாயம்தான்.

"எல்லாம் காலையில நான் ஊத்துனேனே, அந்த எண்ணெய்! இவன் என்னவோ வெளக்கெண்ணெ வெளக்கெண்ணென்னு ஒளறிக்கினு இருந்தான்" என்று சுற்றியிருந்தவர்களிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். பவர் ஹவுஸ்காரர்கள் அடக்கமாகத் தலையாட்டி, அது என்ன எண்ணெய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கணக்கு தப்பினால் கடைக்காரனையே விடாத பெரியநாயகிக்கு நாக்கு துறுதுறுத்தது. ஓரடி முன்னால் வைத்தாள். சிங்காரவேலு குறுக்கே வந்து நின்றான்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்" என்றான்.

"அப்படிச் சொல்லுடா! இனிமே ஷெட்டு வண்டிக்கெல்லாம் எண்ணெய் போடுற வேலை உன்னுது. ஆனா எதை ஊத்தணும்னு என்னைக் கேட்டுக்கினு ஊத்து" என்றார் ஃபோர்மேன்.

"சரிங்க சார்."

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனான். எண்ணெய் ஆறுவதற்குள் இறக்கியாக வேண்டும். பெரியநாயகி சட்டியை அடியில் பிடித்தாள். கரும்பழுப்பாக, ஆவியோடு எண்ணெய் இறங்கியது.

"அந்த ஆளு அப்படிப் பேசுறாரு, நீ கும்பிடு போடுறியே, ரோசம் கெட்டவனே" என்றாள்.

"காலைப் பாருக்கா" என்றான் அவன்.

பார்த்தாள். புண் ஆறி, தோல் காய்ந்து, விரல்கள் விரல்களாக இருந்தன. சட்டியைச் சிந்தாமல் நகர்த்தி வைத்தாள்.