லைன் ஆஃப் அன்று ஓடிய தண்ணீர்

வீட்டில் ஃபேனைக் கழற்றித் துடைப்பதென்றால்கூட, "மெயினை யார் அணைச்சது? நீ பாத்தியா?" என்று கேட்பேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பீர்கள். கட்டின பெண்டாட்டியையே நம்பாத ஆள், சுவிட்சையா நம்பப்போகிறார் என்பாள் உங்கள் அம்மா. சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வி என் வாயில் வந்து ஒட்டிக்கொண்ட கதையை உங்களுக்குச் சொன்னதில்லை. என்னோடு கம்பம் ஏறுகிற உங்கள் மாமாவும் அதில் இருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு சொன்னால் கேலி பண்ணியே கெடுத்துவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பம் கம்பமாக இன்டர்நெட் கேபிள் இழுத்துக் கட்டுவது என் வேலை. கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி நூல். அதில் கரண்ட் கிடையாது, யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அதைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி கூடவே போகும். கரண்ட் கம்பிக்குக் கீழே, அதே மின்கம்பத்தில்தான் அதைக் கட்ட வேண்டும். இழுக்கும்போது அது துள்ளி எழும்பும். துள்ளி மேலே பட்டால், கம்பத்தில் இருப்பவனும் போவான், கீழே பிடித்து இழுப்பவனும் போவான்.

ஆகையால் எந்தக் கம்பத்தையும் நான் சட்டென்று நம்புவதில்லை. டவுனில், மூலக்குளம் பக்கம், கம்பத்துக்குக் கம்பம் வயர்கள் காக்காய்க்கூடு மாதிரிச் சுற்றிக் கிடக்கும். வெட்டித் தொங்கவிட்ட வயர் என்பார்கள், அதில் கரண்ட் இருக்கும். கிராமத்தில், கம்பம் சாயாமல் தரையில் இழுத்துக் கட்டிய இழுவைக் கம்பியில் மாட்டைக் கட்டியிருந்தால், கரண்ட் கசிகிறதா என்று தெரிய முதலில் அந்த மாடு எப்படி நிற்கிறது என்றுதான் பார்ப்பேன்.

அன்றைக்கு பாகூர் பக்கம் வேலை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு ஊருக்கு, வயல் வழியாகக் கம்பங்கள் போகின்றன. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் கரும்பு. கரண்ட் கம்பி அங்கே தொய்ந்து கிடந்ததால் லைனை நிறுத்தாமல் தொட முடியாது. எங்கள் சூப்பர்வைசர் பலமுறை அலைந்து அதற்கு அனுமதி வாங்கியிருந்தார். நல்ல மனுஷர்தான். மத்தியானம் கரண்டைத் திரும்பக் கொடுத்துவிடுவார்களே என்ற கவலை அவருக்கு.

ரோட்டோரம் டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டதாக லைன்மேன் போனில் சொன்னார். வேறொரு புகாருக்குப் போய்விட்டு அப்புறம் வருகிறேன் என்றாராம். முறைப்படி அவர் நேரில் வந்து, கம்பியைச் சோதித்து, தப்பி வரும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் சங்கிலியை மாட்ட வேண்டும். அந்தச் சங்கிலி தொங்கினால்தான் எங்களுக்கு அது செத்த லைன். போனில் வந்த லைன் ஆஃப் வெறும் பேச்சு.

உங்கள் மாமா அதற்குள் பெல்ட் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். கரும்புக் கொல்லை ஓரமாக இருந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேங்கின தண்ணீர் இல்லை. பம்ப்செட்டிலிருந்து நுரை கட்டிக்கொண்டு ஓடிவருகிற புதுத் தண்ணீர்.

"இன்னா மாமா, தண்ணிய வேடிக்க பாக்கற? ஏணிய ஒழுங்கா புடி," என்று மேலேயிருந்து அதட்டினான் உங்கள் மாமா.

"கரண்ட் இல்லன்றாங்க. மோட்டார் எப்படி ஓடுது?"

"அத மோட்டார்கிட்ட போய்க் கேளு."

டீசல் இன்ஜினாக இருக்கும் என்றார் சூப்பர்வைசர். டீசல் இன்ஜின் ஓடினால் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கரும்பின் சோகை இலைகள் உரசுகிற சத்தம் மட்டும்தான்.

வாய்க்கால் திரும்புகிற இடத்தில் மண்வெட்டியோடு ஒருவர் நின்றிருந்தார். கொல்லைக்காரர். நாங்கள் வந்ததிலிருந்தே எங்களை அளந்துகொண்டிருந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்டார், வண்டி நம்பரைக் குனிந்து படித்தார். கேபிள் உருளையைத் தட்டிப் பார்த்து, "இன்டர்நெட்டுதானா, இல்ல கொக்கி புடிக்கிற ஸ்குவாடா?" என்றார். கேபிள்காரர் மாதிரி வேஷம் போட்டு வந்து, கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிறவர்களைப் பிடிக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு உலாவிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் சந்தேகம், அவருக்கு எங்கள்மேல் சந்தேகம்.

நான் உங்கள் மாமாவை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, கொல்லைக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"நேத்து வுட்ட தண்ணிப்பா அது," என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்போது ஒரு காய்ந்த சோகை வாய்க்காலில் மிதந்து வந்து எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் வேகமாகப் போயிற்று. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

லைன் ஆஃப் அன்று இந்தப் பக்கம் சிலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பங்காளி கொல்லைக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கரண்ட் வரும். அங்கேயிருந்து கரும்புக்குள்ளாகவே ஒரு வயரை இழுத்து வந்து தங்கள் மோட்டார் கொட்டகையில் சொருகிவிடுவார்கள். பயிர் காயக்கூடாதே என்றுதான். ஆனால் அப்போது தங்கள் மெயினை அணைக்க மறந்துவிட்டால், அந்தக் கரண்ட் மோட்டாருக்கும் போகும், கொட்டகையிலிருந்து திரும்பிக் கம்பத்துக்கும் ஏறும். எங்கேயோ ஃப்யூஸைப் பிடுங்கின லைன்மேனுக்கு அது தெரியவே தெரியாது.

மேலே அண்ணாந்து பார்த்தேன். கையை நீட்டினால் கம்பியைத் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் நின்றான் உங்கள் மாமா.

"எறங்கு மச்சான். உங்க அக்காவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

"அக்காவ ஏன் இழுக்கற? வூட்ல மீன் கொழம்பு, சீக்கிரம் போவணும், அதான உனக்கு?" முனகிக்கொண்டே இரண்டு படி இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டான். இப்படி ஒவ்வொன்றுக்கும் நின்றால் இந்த வருஷம் வேலை முடியாது என்றார் சூப்பர்வைசர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு இருந்ததெல்லாம் ஓடுகிற தண்ணீரும் ஒரு சந்தேகமும்தான்.

மறுபடியும் கொல்லைக்காரர் பக்கம் திரும்பினேன். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, நீங்க இன்னா பண்ணீங்க, எங்கேந்து இழுத்தீங்க, எனக்கு எதுவும் வாணாம். நான் கேக்கறது ஒண்ணுதான். அவன் ஏறலாமா, வாணாமா?"

அவர் மண்வெட்டிக் காம்பைத் தடவிக்கொண்டே நின்றார். "யாரு அந்தப் புள்ள?" என்றார்.

"என் பொண்டாட்டி தம்பி."

ஏணியை அண்ணாந்து பார்த்தார். "ஏற வாணாம். இரு, வர்றன்," என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குள் நுழைந்தார்.

சிறிது நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தது. நுரை நின்றது, சேறு தெரிந்தது. சூப்பர்வைசர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தானாகவே லைன்மேனுக்குப் போன் போட்டு நேரில் வந்தே ஆகவேண்டும் என்றார்.

உங்கள் மாமாவின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "இப்பவாவது ஏறலாமா கலெக்டர் மாமா?" என்றான்.

"வாணாம். சங்கிலி வரட்டும்."

கரும்பிலிருந்து வெளியே வந்த கொல்லைக்காரருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. "நான்தான் கழட்டிட்டன்னு சொல்றனே," என்றார்.

"சரிதாண்ணே. நான் பாக்கலியே."

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கழற்றினவர் மறுபடி மாட்டமாட்டார் என்று எதை வைத்து நம்புவது? கொல்லை முழுக்கக் கரும்பு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

லைன்மேன் வந்தார். ஏன் இந்த அவசரம் என்றார். லைன் ஆஃப்பில் தண்ணீர் ஓடியது, சந்தேகமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் சேற்றைப் பார்த்தார், கொல்லைக்காரரைப் பார்த்தார், நேராகக் கரும்புக்குள் போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு வயர் சுருள் இருந்தது. பிறகு கம்பியைச் சோதித்து, சங்கிலியை மாட்டினார். அதற்குப் பிறகுதான் உங்கள் மாமா ஏறினான். மத்தியானம் கரண்டைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்ததால் அன்றைய வேலை பாதியில் நின்றது.

எதுவும் வாணாம் என்று சொல்லிவிட்டு நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று கொல்லைக்காரர் நினைத்திருப்பார். மிச்ச வேலைக்குப் போனபோதும் வரப்பிலேயே நின்று எங்களைப் பார்த்தபடி இருந்தார். நானும் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் அவர் வாய்க்காலைத்தான் பார்த்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உங்கள் மாமா உங்கள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மீன் குழம்பில் உப்பு கம்மி என்று மட்டும் குறை சொன்னான். ஆனால் இப்போதெல்லாம் ஏணியை நிறுத்தினதும், "மாமா, சங்கிலி மாட்டினத நீ பாத்தியா?" என்று இழுத்து இழுத்துக் கேட்கிறான். மற்ற ஆட்கள் சிரிப்பதற்காகத்தான் கேட்கிறான். இருந்தாலும் நான் "பாத்தன்" என்று சொல்கிற வரைக்கும் ஏணியில் கால் வைப்பதில்லை.