மாமாவுக்கு மட்டும் தொப்பி

ஒன்பது வயதில் மெக்சிகோவைப் பற்றி எனக்கு ஒரே ஒரு சங்கதிதான் தெரியும்: அங்கே என் மாமாதான் பெரிய ஆள். யாரோ சொல்லி நம்பியதல்ல இது. என் கண்ணால் பார்த்தது.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. துபாயில் ஒரு மெக்சிகன் ரெஸ்டாரண்டில் அவருக்கு வேலை. நாங்கள் இருந்தது அஜ்மானில். அப்பா ஷார்ஜாவில் வண்டி உதிரிபாகக் கடையில் சேல்ஸ்மேன். துபாய், ஷார்ஜா வாடகைக்குப் பயந்து அஜ்மானில் ஒதுங்கியவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். வருஷத்துக்கு ஒருதரம், என் பிறந்தநாளுக்கு, அப்பா எங்களை மாமாவின் ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே மருந்துக்குக்கூட ஒரு மெக்சிகோக்காரர் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாளி லெபனான்காரர், மேனேஜர் மலையாளி, அடுப்படி முழுக்க நேபாளிகள், பரிமாறுவது பிலிப்பைன்ஸ்காரர்களும் எங்கள் புதுக்கோட்டை ஜில்லா மாமாவும். இத்தனை பேரும் சேர்ந்துதான் மெக்சிகோவை நடத்தினார்கள். நன்றாகவே நடத்தினார்கள்.

யாருக்காவது பிறந்தநாள் என்றால் அங்கே விளக்கைக் குறைத்துவிடுவார்கள். அடுப்படியிலிருந்து ஒருவன் தட்டைத் தட்டிக்கொண்டு வருவான். அவனுக்குப் பின்னால், குடை அகலத்துக்கு ஒரு வைக்கோல் தொப்பி. ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பூ வேலை. அந்தத் தொப்பிக்குக் கீழே மாமா. கையில் மெழுகுவத்தி நட்ட ஐஸ்கிரீம். ஸ்பானிஷ் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே, காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டு வருவார். கடைசியில் தொப்பியைக் கழற்றிப் பிறந்தநாள் பிள்ளையின் தலையில் வைப்பார். மற்ற சிப்பந்திகளுக்கெல்லாம் வெறும் கறுப்புக் குல்லா. மேனேஜர் தலையில் அதுவும் கிடையாது. அப்படியானால் அந்த இடத்தில் யார் பெரியவர்? கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் நான் மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து வேறு இடம் போய்விடுவாள். அவ்வளவு பெருமை.

ஆனால் ஊரில் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. மாமாவுக்கு வயது முப்பதைத் தாண்டியும் பெண் அமையவில்லை. இரண்டு இடம் பேசி, "சர்வர் வேலைதானாமே" என்று கேள்விப்பட்டு விலகிப் போய்விட்டது. இரண்டாவது வீட்டில் ஒருத்தி, எச்சில் தட்டு எடுக்கிறவனுக்கா எங்கள் பெண் என்று வாய்விட்டே கேட்டுவிட்டாளாம். அதை யாரோ மெனக்கெட்டு அம்மாவிடம் போனில் சொன்னார்கள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா மட்டும், தட்டு எடுப்பது உள்ளதுதானே அக்கா என்று சிரித்தார்.

மூன்றாவதாக அறந்தாங்கிப் பக்கம் ஒரு பெண். படம் வந்த அன்றே மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று. சும்மா இருக்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்; என்னிடம்கூடக் காட்டவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்களே, அதில் முதல் பொய்யைத் தரகரே சொல்லி வைத்திருந்தார்: மாப்பிள்ளை துபாயில் ஓட்டல் மேனேஜர். தெரிந்தபோது அம்மா பதறினாள், ஆனால் மறுக்கவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் தம்பி இனிமேல் கல்யாணப் பேச்சையே எடுக்க விடமாட்டான் என்று அவளுக்குப் பயம்.

வளைகுடாவில் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். அங்கேயே இருக்கிற சொந்தக்காரர் ஒருவரை விசாரிக்க அனுப்புவார்கள். பையன் சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, குடிப்பானா, யாரோடு தங்கியிருக்கிறான் என்று பார்த்து அவர் போனில் சொல்வதுதான் தீர்ப்பு. இந்தப் பெண்ணுக்குப் பெரியப்பா ஒருவர் துபாயிலேயே கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். விடிகாலையில் சோனாப்பூர் கேம்ப்பில் கட்டட வேலையாட்களை ஏற்றி சைட்டில் இறக்குவது அவர் டூட்டி. அம்மா எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னாள். அவரோ, வீடு இருக்கட்டும், மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்திலேயே பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மா திட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா லீவு எடுத்துக்கொண்டு, எங்களோடு விருந்தாளியாகவே அங்கே வந்து உட்கார வேண்டும். மேனேஜர் தன் ரெஸ்டாரண்டில் குடும்பத்தோடு சாப்பிட வந்திருக்கிறார், அவ்வளவுதான். மலையாளி மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சம்மதித்தாராம். சிப்பந்திகள் எல்லாரும் மாமாவை சார் என்று கூப்பிடுவதாக ஏற்பாடு. எனக்கும் ஓர் உத்தரவு வந்தது: தொப்பியைப் பற்றி மூச்சு விடக்கூடாது. எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமாவிடம் இருப்பதிலேயே உசத்தியானது அந்தத் தொப்பி. பெண் கேட்கப் போகிற இடத்தில் அதை ஒளித்து வைக்கச் சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது?

மாமா அப்பாவின் நீல முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பெண்ணின் பெரியப்பா வெள்ளைச் சட்டையில், பாக்கெட்டில் சீப்போடு வந்து சேர்ந்தார். தாத்தா என்று கூப்பிடு என்று அம்மா என் தோளை அழுத்தினாள். வணக்கமெல்லாம் ஆயிற்று. மாமா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு அம்மாவுக்கு, பிறகு எனக்கு, பிறகு அப்பாவுக்கு. அதற்கப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை ஓரமாக நின்றுவிட்டார். அம்மா முறைத்த பிறகுதான் தானும் விருந்தாளி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பரிமாறின கையும் அந்த ஜாதிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. மாமாவால் உட்காரவே முடியவில்லை. பக்கத்து மேசையில் தண்ணீர் குறைந்தால் இவர் பாதி எழுந்துவிடுவார். முள்கரண்டி கோணலாக இருந்தால் நேராக்குவார். பிலிப்பைன்ஸ் பையன் ஒருவன் "சார்" என்று கூப்பிட்டு மெனுவை நீட்டி, சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினான். சாப்பாடு வந்தபோது உச்சம். மாமா அனிச்சையாக எழுந்து, மூன்று தட்டை ஒரே கையில் வரிசையாக அடுக்கி வாங்கி, சிந்தாமல் சிதறாமல் எல்லார் முன்னாலும் வைத்தார். அம்மா மேசைக்கு அடியில் விட்ட உதை என் முழங்காலில் பட்டது.

பெரியவர் எதுவும் கேட்கவில்லை. அப்பாவோடு டிராபிக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மடித்த ரொட்டிக்குள் கறியைத் திணித்த டாக்கோ வந்தது, புகை பறக்க இரும்புச் சட்டியில் கோழி வந்தது, சோறும் பீன்ஸும் வந்தன. அவர் தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடவில்லை. அம்மா சொல்லிப் பார்த்தாள், அப்பா சொல்லிப் பார்த்தார். இருக்கட்டும் தாயி, இருக்கட்டும் என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாவம், அவருக்கு டாக்கோ சாப்பிடத் தெரியவில்லை. கேட்க வெட்கப்படுகிறார். அவர் பக்கம் சாய்ந்து ரகசியமாக, கையாலேயே எடுக்கலாம் தாத்தா, தலையை இப்படிச் சாய்த்துக் கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கொட்டிவிடும் என்று நானே ஒன்றை எடுத்துக் கடித்துக் காட்டினேன். அவர் ரொம்ப மரியாதையாகக் கவனித்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. நான் இரண்டாவது ஒன்றையும் கடித்துக் காட்டினேன்.

அப்போது விளக்கு குறைந்தது. எதிர் மேசையில் ஓர் எகிப்துக் குடும்பம். அவர்கள் வீட்டுச் சின்னப் பையனுக்குப் பிறந்தநாள். தட்டுச் சத்தத்தோடு தொப்பி வந்தது. கீழே மாமா இல்லை, ஒல்லியான பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர். தொப்பி அவர் மூக்குவரை இறங்கிவிட்டது. பாட்டின் இரண்டாவது வரி அவருக்குத் தெரியவில்லை. பையன் உதட்டைப் பிதுக்கினான், பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே சுற்றிலும் பார்த்தவன் நீலச் சட்டைக்காரரைக் கண்டுபிடித்துவிட்டான். நேராக எங்கள் மேசைக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா உதட்டை அசைக்காமல், "ஒக்காருடா" என்றாள்.

"வருசா வருசம் வர்ற புள்ளக்கா. அழுவுது பாரு."

"ஒக்காரு. ஓங் கல்யாணம்டா."

மாமா ஒரு கணம் உட்கார்ந்துதான் இருந்தார். பிறகு எழுந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டார். பிலிப்பைன்ஸ்காரர் அப்பாடா என்று தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். அது மாமாவின் தலையில் உட்கார்ந்ததும் ரெஸ்டாரண்டே சரியாகிவிட்டது. அன்றைக்கு ஆடினமாதிரி அவர் என்றைக்கும் ஆடியதில்லை. பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே சுற்றினார். அடுப்படியிலிருந்து நேபாளிகள் வெளியே வந்து கைதட்டினார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் தட்டினார்கள். நான் நாற்காலிமேல் ஏறி நின்று, என் மாமா, என் மாமா என்று நாலு பக்கமும் சொன்னேன். யாரும் கேட்காமலேயே சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"மேனேஜருன்னுல்ல தாயி சொன்னாக?"

அம்மாவின் முகம் வெளுத்தது. அப்பா ஏதோ சமாளிக்க வாயெடுத்தார். அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவளுக்குள் என்ன ஆயிற்றோ, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"இல்லண்ணே. அது தரகரு சொன்னது. நாங்களும் மறுக்காம இருந்துட்டோம், தப்புதான். எந்தம்பி சர்வரு. இப்ப பாத்தியல்ல, இதான் அவன் வேல. இத விட நல்லா இந்த வேலையச் செய்ய இங்க ஆளு இல்ல."

அம்மா யாரிடமும் அவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதில்லை. தம்பியை மறைக்க ஒரு வாரம் திட்டம் போட்டவள், ஒரு நிமிஷத்தில் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நியாயமாக அன்றைக்கு அவளுக்கும் ஒரு தொப்பி வைத்திருக்க வேண்டும்.

மாமா வேர்த்து வழிய, தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். உட்காரவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"ஊருல என்னயும் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசருன்னுதான் நெனச்சிட்டிருக்காக. நான் ஒருநாளும் இல்லேன்னு சொன்னதில்ல." தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "வச்சுக் குடுங்க தம்பி. நீங்க வச்சாச் சாப்புடுறேன்."

மாமா தொப்பியை நாற்காலியில் வைத்தார். ரொட்டியை விரித்து, கோழியை வைத்து, வெங்காயத்தைத் தூவி, மடித்துக் கொடுத்தார். பெரியவர் வாங்கி, தலையைச் சாய்த்து, நான் காட்டினபடியே கடித்தார். ஒரு துளி சிந்தவில்லை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொரு டாக்கோ வைக்கச் சொன்னார்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் அவர் ஊருக்குப் போன் போட்டார். நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம். மாப்பிள்ளை என்ன வேலை, என்ன சம்பளம், எங்கே தங்கியிருக்கிறார், ஒன்றையும் அவர் சொல்லவில்லை. "மாப்ள வீட்டுக்காரகளோட ஒக்காந்து சாப்புட்டாச்சு. ஆமா, வயிறாரச் சாப்புட்டேன். மத்தத நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா காரில் சாய்ந்துகொண்டு துப்பட்டாவால் முகத்தை மூடி அழுதாள். அப்பா மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரோடு கை நனைக்க மாட்டார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள், நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம் என்பதெல்லாம் அஜ்மானில் வளர்ந்த எனக்கு எங்கே தெரியும்? ஒருவர் டாக்கோ சாப்பிட்டதற்கு இவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று விழித்துக்கொண்டு நின்றேன். அப்படியே கொண்டாட வேண்டிய காரியம் என்றாலும், அவருக்குச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருத்தராவது என்னைக் கெட்டிக்காரி என்று சொல்ல வேண்டாமா? அந்தக் கோபத்தில் அஜ்மான் வந்து சேரும்வரை யாரோடும் பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.