சந்தனம் காய்ந்த போன்

கறுப்புப் போன் ஒன்று. ரிசீவரைத் தாங்கும் இரண்டு குமிழ்கள். அவற்றின் அடியில் காய்ந்து வெடித்த சந்தனம். எழுபதுகளில் தாம்பரத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் நான் டெலிபோன் போர்டு ஆபரேட்டர். வெளியிலிருந்து வருவது இரண்டே லைன். உள்ளே பதினாறு மேசை. எந்த மேசைக்கும் தனி வழி கிடையாது, எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஆயுத பூஜையன்று லேத்துக்கு வைப்பதுபோல் போனுக்கும் பொட்டு வைப்போம். அந்த வருஷம் வைத்தது நான். எனக்குக் கை கொஞ்சம் தாராளம்.

விடுமுறை கழிந்து வேலை தொடங்கிய காலை, ஸ்டோர்ஸ் சார் இடத்தைவிட்டு அசையவில்லை. திருச்சியில் அவர் மனைவிக்கு ஆபரேஷன். நாள் குறித்ததும் மைத்துனர் கூப்பிடுவதாகப் பேச்சு. திருச்சியிலிருந்து ட்ரங்க் கால் வந்தது. ஸ்டோர்ஸுக்குப் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. "சீட்டுல இல்லை" என்றேன். வைத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் சார் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றார். "எடுத்துட்டேம்மா! ரிசீவர் என் கையில இருக்கு, அது பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கு!" மற்ற மேசைகளைத் தட்டிப் பார்த்தேன், பேசின. வெளி லைன் பேசியது. "மணி போகுது சார், லைன்ல கோளாறே இல்ல. போய் உக்காருங்க, மறுபடி வந்தா போடறேன்." சாரை உள்ளே கூப்பிட்டு போர்டிலேயே பேச வைத்திருக்கலாம். ஆனால் போர்டு அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்பது விதி. விதியைவிட என் வீம்பு பெரிது. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கம்பத்து ஒயரைப் பார்க்க அனுப்பினேன்.

மறுபடியும் வந்தது. இம்முறை பெண்குரல், மெலிந்து: "இப்பவே என்னை உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம். அவர் இருக்காரா?" மணி போனது, போனது. "சீட்டுல இல்லைம்மா" என்றேன். "சரி" என்றாள்.

கம்பத்திலிருந்து இறங்கிய அண்ணன் ஸ்டோர்ஸுக்குப் போய் ரிசீவரைத் தூக்கியிருக்கிறார். எடுத்ததும் எழும்பி லைனைச் சேர்க்க வேண்டிய குமிழ்கள் எழவே இல்லை. நகத்தால் சுரண்டினாராம், சந்தனம் உதிர்ந்ததாம். நேரே என்னிடம் வந்தார். "இன்னாம்மா நீ! மணி அடிச்சா சாமி வந்துடுச்சுன்னு அர்த்தமா? வூட்டுக்குள்ள பூட்டுப் போட்டுகினு, என்னைத் தெருவுல தேட வுட்டியே!"

சார் அன்றே ரயிலேறினார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியம் முடிந்து திரும்பியவர் முதல்முறையாக போர்டு அறைக்குள் வந்து நின்றார். சந்தனம் என் கையால் வைத்தது என்று அழுதேன். அதை அவர் காதில் வாங்கவே இல்லை. "அவகிட்ட என்னம்மா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"இதோ வந்துட்டே இருக்கார்னு சொன்னேன் சார்."

தலையசைத்துவிட்டுப் போனார். ஓய்வு பெறும்வரை நான் அதைத் திருத்தவில்லை.

போன வாரம் சிட்லபாக்கம் வீட்டில் மகள் மடிக்கணினியோடு மல்லுக்கட்டினாள். அதற்குள் இன்னொரு கணினியை ஓடவிட்டிருக்கிறாளாம். வெளியே இருப்பதற்கு இணையம் உண்டு, உள்ளே இருப்பதில் மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லையாம். இருக்கிறாயா என்று தட்டிக் கேட்பதற்கு பிங் என்று பேர். "பிங் போகுதும்மா, பதிலும் வருது. அப்ப நெட்வொர்க்ல தப்பே இல்ல" என்று அடித்துச் சொன்னாள். என் வலது கை விரலைப் பார்த்தேன். பொட்டு வைத்த விரல். "உள்ள யாரோ கையில எடுத்து வச்சுக்கிட்டுக் கத்திட்டிருக்கலாம், போய்ப் பாரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.