எருமைக் கன்று என்ன கலர்?

தாய்ப்பால் கொடுங்கள் என்று சொல்லி சர்க்கார் சம்பளம் வாங்குகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: கொடுக்க வேண்டியவள் ஒருத்தி, குடிக்க வேண்டியது ஒன்று, கருத்துச் சொல்ல மட்டும் ஊரே திரண்டு வரும். ஆந்திரா எல்லையில், நகரி பக்கத்துக் கிராமங்களில் நான் நர்சம்மாவாகக் காலம் தள்ளியது டிஷ் ஆண்டெனாவும் எஸ்.டி.டி. பூத்தும் தெருவுக்குத் தெரு முளைத்த வருஷங்களில். வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கோ சென்னைக்கோ கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய சாமான்களோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காத நல்லதைச் சொல்லித் தொண்டை கட்டிப்போன வாத்தியார்களே, விவசாய ஆபீசர்களே, சக நர்சம்மாக்களே, நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

சுவரில் ஒரு சிவப்பழகி

ஹைதராபாத்திலிருந்து எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஒரு போஸ்டர் வந்தது. எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு அம்மா, ரோஜாப்பூ நிறத்தில் ஒரு குழந்தை, கீழே தாய்ப்பாலின் பெருமை தெலுங்கில். அந்த அம்மா கல் ஜிமிக்கி போட்டுக்கொண்டு, பிள்ளை பெற்ற களைப்பு கொஞ்சமும் இல்லாமல் சிரித்தாள். எங்கள் பக்கத்துப் பெண்களோ வெயிலில் வேர்க்கடலை பிடுங்கிக் கறுத்தவர்கள், பிறக்கும்போதே கறுத்தவர்கள், இரண்டும் சேர்ந்தவர்கள். நானும் அந்த ஜாதிதான். கரண்ட் போனால் வெள்ளைப் புடவையை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடிப்பதாக என் வீட்டுக்காரரே சொல்வார்.

கர்ப்பிணிகளை உட்கார வைத்து, போஸ்டரைக் காட்டி, நீளமாக ஒரு பிரசங்கம் செய்தேன். எல்லாரும் ஒழுங்காகத் தலையாட்டினார்கள். பவர்லூம் கொட்டகையில் நூல் சுற்றுகிற மல்லிகா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போஸ்டர் பக்கத்தில் போய், தன் முழங்கையை அந்த அம்மாவின் கன்னத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "இந்தம்மா குடுக்கலாம் நர்சம்மா, தப்பில்ல. எங்களுத குடிச்சா புள்ள எங்களாட்டமே ஆயிடாதா?"

டின்னுக்குப் பொட்டு

மல்லிகாவின் புருஷன் முனிரத்தினம் குவைத்தில் ஒரு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். லீவில் வந்து போனவன், பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் பால் பவுடர் டின்களைக் கொடுத்து அனுப்பிவிட்டான். டின் மேலே ஒரு குழந்தை, வெண்ணெயில் செய்த மாதிரி. மல்லிகாவின் மாமியார் கன்னியம்மா அதை அடுப்படியில் வைக்கவில்லை. டி.வி.க்கும் பெருமாள் படத்துக்கும் நடுவே நிறுத்தி, மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்திருந்தாள். பெருமாள் கொஞ்சம் ஓரமாகத்தான் இருந்தார்.

கறுத்த தாயின் பால் குடித்தால் பிள்ளை கறுக்கும், டின் பால் குடித்தால் டின்னில் இருக்கிற மாதிரி ஆகும் என்பது கன்னியம்மாவின் கட்சி. பால் குடித்து நிறம் மாறாது என்று நான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். ஏறவில்லை. கடைசியாக, ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "ஏன் பெரிம்மா, உங்க வூட்டு எரும கன்னங்கரேல்னு கீது. அதோட பாலு வெள்ளையாத்தானே கீது?" என்றேன். ஜெயித்துவிட்ட தெம்பில் அவள் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தேன்.

கன்னியம்மா அவசரப்படவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்: "பாலு வெள்ளதாம்மா, நான் இல்லன்னா சொன்னேன்? அதக் குடிக்கிற கன்னுக்குட்டி இன்னா கலரு?"

சர்க்கரைத் தண்ணி

ஆஸ்பத்திரியில் மல்லிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யார் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிறார்களோ, அவர்களுடைய குணமும் யோகமும் அப்படியே பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். கன்னியம்மா இதற்கு எப்போதோ ஆள் பார்த்து வைத்திருந்தாள்: திருப்பதியில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கும் அவள் தம்பி. நல்ல சிவப்பு, வாட்ச் கட்டுவார், ஹிந்திகூடப் பேசுவார். அவர் வந்து தொடும் வரைக்கும் பிள்ளை வாயில் ஒரு சொட்டு இறங்கக் கூடாது. அவர் வந்த பஸ்ஸோ புத்தூர் தாண்டி எங்கேயோ ரிப்பேராகி நின்றுவிட்டது. பிள்ளை பசியில் கத்தியது. நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். கன்னியம்மா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருவழியாகத் தம்பி வந்து சேர்ந்தார். முதல் நாள்தான் மலை ஏறி மொட்டை போட்டு, குளிர்ந்த தண்ணீரில் முழுகி, ஜலதோஷம் பிடித்து வந்திருந்தார். வாசலிலேயே அடுக்கடுக்காகத் தும்மினார். மூக்கைத் துடைத்த அதே விரலோடு அவர் சர்க்கரைத் தண்ணியை நெருங்கியபோது டம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். "இந்த வெரலு உள்ள போச்சின்னா யோகம் வராது, நிமோனியாதான் வரும்" என்றேன். பாவம், அவரே பயந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

வேறு நல்ல ஆள் கைவசம் இல்லை. "நானே வைக்கிறேன். ஆனா எங்கையால வெச்சா மல்லிகாவோட மொதல் பாலுதான் வைப்பேன், சக்கரத் தண்ணி கெடையாது" என்றேன். கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், என் வெள்ளைப் புடவையையும் பார்த்தாள். மனசுக்குள் தராசு ஏறி இறங்குவது எனக்கே தெரிந்தது. பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "கலரு போனா போவுது, வெச்சிடு. கெவர்மெண்ட் உத்தியோகமாவது வரட்டும்."

கரண்ட் போனபோது

வைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டு தாயிடம் ஒட்டிக்கொண்டது. கதை முடிந்தது என்று நானும் வேறு தலைவலிகளைப் பார்க்கப் போய்விட்டேன். அடுத்த முறை அந்தத் தெருவுக்குப் போனபோது பிள்ளையை அடையாளமே தெரியவில்லை. கண் உள்ளே போய், தொடைத் தோல் தொளதொளவென்று தொங்கியது. கன்னியம்மா மடியில் போட்டுப் பாட்டிலில் ஊட்டிக்கொண்டிருந்தாள். குவைத்திலிருந்து அடுத்த ஆள் வரும் வரைக்கும் டின் தாங்க வேண்டுமே, அதனால் பாட்டில் நிறையத் தண்ணீர், பேருக்குக் கொஞ்சம் பவுடர். காலையிலிருந்து பேதி என்றாள். நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் பத்திரிகையை மூட வேண்டியிருக்கும்.

மல்லிகாவைத் தேடித் தறிக் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே ரகசியம் பேசுவதென்றாலும் காதருகே வாய் வைத்துக் கத்த வேண்டும். அவளுக்குப் பால் வற்றிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. வலி தாங்காமல் கொட்டகைப் பின்னால் போய்ப் போய்ப் பீய்ச்சிச் சாக்கடையில் விட்டுவிட்டு வருகிறாளாம். "பைத்தியமா புடிச்சிக்கிது ஒனக்கு? அங்க புள்ள செத்துக்கினு கீது!" என்று கத்தினேன். அவளும் பதிலுக்குக் கத்தினாள். பாதியில் கரண்ட் போய்விட்டது. தறிகளெல்லாம் ஒரே மூச்சில் நின்றன. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, அவளுடைய கத்தல் மட்டும் தனியாக ஒலித்தது: "என்னிய கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து வூட்ல எனக்குப் பேரே கறுப்பிதான். எம் பொண்ணையும் அப்பிடியே கூப்புடணுமா நர்சம்மா?"

பக்கத்துக் கட்டில்

 எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு ஜீப்பைப் பிடித்து எல்லாரையும் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனேன். பிள்ளைக்கு டிரிப் ஏற்றினார்கள். பேதி நின்று கண் திறந்ததும் டாக்டர் கன்னியம்மாவைப் பார்த்து, பாட்டிலை மறுபடி கண்ணில் கண்டால் உன்னையே அட்மிட் செய்வேன் என்று தெலுங்கில் கத்தினார். தாய்ப்பால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். கன்னியம்மா பாட்டிலை முந்தானைக்குள் பத்திரப்படுத்தினாள். மல்லிகா அழுதுகொண்டே சுவர் ஓரத் தொட்டியில் பாலைப் பீய்ச்சிவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடலாமா என்று இருந்தது எனக்கு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம். அந்த மருமகள் எங்கள் போஸ்டரிலிருந்து இறங்கி வந்தவள் போல அப்படி ஒரு சிவப்பு. ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்த அலுப்பில் அவளுக்கு இன்னும் பால் சுரக்கவில்லை. டின் பாலை அந்தக் குழந்தை குடிப்பதும் கக்குவதுமாக இருந்தது. அவளுடைய மாமியார், பட்டுப் புடவையும் வைர மூக்குத்தியுமாக, தொட்டியில் பால் வீணாய்ப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் எழுந்து வந்து கன்னியம்மா முன்னால் நின்றாள். "மீ கோடலு பாலு மா பாப்பகி கொஞ்செம் இஸ்துந்தா அம்மா?" என்று கேட்டாள். உங்கள் மருமகள் எங்கள் பாப்பாவுக்குக் கொஞ்சம் பால் கொடுப்பாளா என்று. இப்போது அதற்கெல்லாம் டெஸ்ட், விதிமுறை என்று ஆயிரம் உண்டு. அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டார்கள்.

கன்னியம்மாவுக்குத் தெலுங்கு என்னைவிட நன்றாகவே வரும். ஆனாலும் இன்னொரு தரம் சொல்ல வைத்துக் கேட்டாள். "அவ கறுப்பா இருக்கறாளேம்மா" என்று தெலுங்கில் தயங்கினாள். பட்டுப் புடவைக்காரி, கறுப்பானால் என்ன, பால்தானே என்று எரிந்து விழுந்தாள். கன்னியம்மா வைர மூக்குத்தியைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். இத்தனை நாளும் சாக்கடைக்குப் போனதை ஜவுளிக்கடைக்காரி கை நீட்டிக் கேட்கிறாள்! அவ்வளவுதான், கட்டிலில் கிடந்த பேத்தியை வாரி எடுத்தாள், மல்லிகாவை இழுத்து உட்கார வைத்து மடியில் போட்டாள், இரண்டு பேருக்கும் முன்னால் முந்தானையை விரித்துக் காவல் நின்றாள். முந்தானையிலிருந்து பாட்டில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது, குனிந்துகூடப் பார்க்கவில்லை. தோரணையாகச் சொன்னாள்: "மொதல்ல எங்க புள்ள குடிக்கட்டும். மீந்துச்சின்னா அப்பறம் பாக்கலாம்."

எஸ்.டி.டி. பூத்

மீந்தது. ஜவுளிக்கடைப் பிள்ளை குடித்தது, கறுக்கவில்லை. மல்லிகாவின் பிள்ளை குடித்தது, வெளுக்கவில்லை. இரண்டும் பிழைத்துக்கொண்டன, எனக்கு அது போதும். வெள்ளிக்கிழமை முனிரத்தினத்துக்கு லீவு. நகரி பஜாரில் இருக்கும் பூத்துக்கு அவன் போன் வரும். சாட்சிக்கு என்னையும் கூட்டிப் போனாள் கன்னியம்மா. குவைத் தூரம் என்பதால் குரலை அந்தத் தூரத்துக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டாள். டின் காலியாகிவிட்டதா, இன்னும் அனுப்பட்டுமா என்று மகன் கேட்டிருக்கிறான். கூட வந்த மல்லிகா பிள்ளையோடு தலையைக் குனிந்துகொள்ள, பஜாரே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க, கன்னியம்மா கத்தினாள்: "டின்னுல தொவரம்பருப்பு கொட்டி வெச்சிக்கீறேன்டா நைனா! ஓம் பொண்டாட்டி பாலுக்குத் திருப்பதில பட்டுப்பொடவகாரங்க வந்து நின்னுக்கினு கீறாங்க!"

கிரீஸ்

கொஞ்ச நாள் கழித்துக் காலையில் சுகாதார நிலையத்தைத் திறந்தால் போஸ்டர் அம்மாவைக் காணோம். உற்றுப் பார்த்தேன். இருந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் தறிக்குப் போடும் கிரீஸ் பூசியிருந்தது. அவசரத்தில் அப்பியது இல்லை, ஜிமிக்கியில்கூடப் படாமல் அக்கறையாகத் தடவிய வேலை. குழந்தைக்கும் ஒரு பூச்சு. சர்க்கார் சொத்தில் கை வைத்தது எவள் என்று நான் குதித்தேன்.

தடுப்பூசிக்கு வந்து உட்கார்ந்திருந்த மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். மடியில் பிள்ளை கன்னம் உப்பக் குடித்துக்கொண்டிருந்தது, அசல் அம்மாவின் நிறம். அவள் விரல் நகங்களில் இன்னும் கறுப்பு போகவில்லை. மறைக்கவும் இல்லை. "நாந்தான்" என்றாள். "இப்பத்தான் நர்சம்மா அவ குடுக்கறவளாட்டம் கீறா."

தொண்டை கிழியக் கத்திய இத்தனை வருஷ சர்வீஸில் நான் கண்ட ஞானம் இவ்வளவுதான்: தாய்ப்பாலின் அருமையை நர்ஸ் தினம் வந்து சொல்ல வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரி ஒரே ஒரு தரம் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டால் போதும்.